மின்சார ஸ்கூட்டர்: மலைப்பாதை வியாபாரிக்குக் கட்டுமா?

மூட்டைக்கு மூட்டை கொள்முதல் விலை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சேதாரம் என்று பைசா சுத்தமாகக் கணக்குப் பார்க்கும் நம் வணிகப் பெருமக்கள், தினமும் தாங்கள் ஏறி இறங்கும் வண்டிக்கு மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. பெட்ரோல் போட்ட பணம் கல்லாவிலிருந்து நூறும் இருநூறுமாகப் போய்விடுகிறது. மாதக் கடைசியில் அது எவ்வளவு என்று பேரேட்டில் தனித் தலைப்புப் போட்டு எழுதி வைப்பவர் நூற்றில் ஒருவர் இருப்பாரா என்பது சந்தேகம்தான்.

மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா என்று சங்க உறுப்பினர்கள் பலர் கேட்கிறார்கள். சமவெளி ஊர்களில் இதற்குப் பதில் சொல்வது சுலபம். ஒகேனக்கல், பென்னாகரம் வட்டார வியாபாரிக்கு அப்படியில்லை. நடுவில் மலைப்பாதை இருக்கிறது, காடு இருக்கிறது. பின்னால் அரிசி மூட்டை இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் ஏறினால் கடையில் வியாபாரம் இறங்குகிறது. இவை அத்தனையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பக்கத்து மாவட்டத்துச் சரக்கு

நம் பகுதிக்கு இரண்டு சக்கர வண்டி புதிதல்ல. ஓசூரில் தயாரான டி.வி.எஸ். 50 மொபெட் 1980-ல் வந்தது. மளிகைக் கடைக்காரரும், பால்காரரும், காய்கறி வியாபாரியும் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை வைத்து ஓட்டி, அந்த வண்டியையே ஒரு சிறு லாரியாக்கிவிட்டார்கள். அதன் வாரிசான எக்ஸ்.எல். 100 இன்றும் அதே வேலையைச் செய்கிறது.

மின்சார வண்டியும் அதே மண்ணிலிருந்துதான் வருகிறது. டி.வி.எஸ். ஐக்யூப் 2020 ஜனவரியில் அறிமுகமாயிற்று. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இரண்டு இளைஞர்கள் 2013-ல் தொடங்கிய ஏதர் கம்பெனியின் தொழிற்சாலையும் ஓசூரில்தான் இருக்கிறது. போச்சம்பள்ளி அருகே ஓலா 500 ஏக்கரில் தொழிற்சாலை அமைத்து 2021 டிசம்பரில் வண்டி கொடுக்கத் தொடங்கியது. சூளகிரியில் சிம்பிள் எனர்ஜி இருக்கிறது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை இந்த ஊர்களெல்லாம் நம் தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தன. 2024-25 நிதியாண்டில் நாடு முழுவதும் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்சார இருசக்கர வாகனங்கள் பதிவாயின. அதில் பெரும் பங்கு இந்த வட்டாரத்திலிருந்து போனவைதான்.

ஆனால் தொழிற்சாலை பக்கத்தில் இருக்கிறது என்பதால் சர்வீஸும் பக்கத்தில் இருக்கும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அதைப் பின்னால் பார்ப்போம்.

பெட்ரோலா, மின்சாரமா: பேரேட்டுக் கணக்கு

பென்னாகரத்தில் குடியிருந்து ஒகேனக்கலில் கடை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். போக சுமார் 16 கிலோமீட்டர், வர 16 கிலோமீட்டர். மாதம் 25 நாள் என்றால் 800 கி.மீ., இரண்டு மாதத்துக்கு 1,600 கி.மீ. மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் அந்தக் கணக்கிலேயே போவோம்.

லிட்டருக்கு 45 கி.மீ. கொடுக்கும் பெட்ரோல் ஸ்கூட்டர் 1,600 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 35 அல்லது 36 லிட்டர் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்று வட்டமாக வைத்தாலும் 3,550 ரூபாய் ஆகிறது. மின்சார ஸ்கூட்டர் மலையும் சுமையும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 35 வாட்-ஹவர் எடுப்பதாக வைத்தால் 56 யூனிட். சார்ஜரில் போகும் சேதாரத்தையும் சேர்த்தால் 65 யூனிட். கடை மீட்டரில் போட்டு யூனிட் 10 ரூபாய் ஆனாலும் 650 ரூபாய்தான். மிச்சம் 2,900 ரூபாய். வருஷத்துக்கு 17,400 ரூபாய்.

வாங்கும்போது பெட்ரோல் ஸ்கூட்டரை விட மின்சார ஸ்கூட்டருக்கு 20,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தால் பதினான்கு மாதத்தில் அந்தப் பணம் திரும்பிவிடும். ஆயில் மாற்றுவது, ஸ்பார்க் பிளக், கார்புரேட்டர் சுத்தம் செய்வது என்ற செலவுகளும் இல்லை.

இதே கணக்கை எக்ஸ்.எல். 100 வைத்திருப்பவர் போட்டுப் பார்த்தால் விடை வேறு. அந்த வண்டி விலையும் குறைவு, லிட்டருக்கு 60 கி.மீ. வரை வரும். மின்சார வண்டிக்கும் அதற்கும் 50,000 ரூபாய் வித்தியாசம் என்றால், வருஷம் 12,000 ரூபாய் மிச்சத்தில் அதை எடுக்க நான்கு வருஷத்துக்கு மேலாகும். வாரண்டி பல வண்டிகளுக்கு மூன்று வருஷம்தான் என்னும்போது அது லாபமான பேரம் அல்ல. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ்.எல்.லை விற்றுவிட்டு மின்சார வண்டி வாங்க அவசரப்பட வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

கடைக்கு மேலேயே வீடு, தினம் நான்கைந்து கிலோமீட்டர்தான் ஓட்டம் என்பவருக்கும் இது சேராது. மாதம் 150 கி.மீ. ஓட்டத்தில் மிச்சம் முந்நூறு ரூபாய் கூட வராது. 20,000 ரூபாய் வித்தியாசத்தை எடுக்க ஆறு வருஷம் பிடிக்கும். தினமும் ஓட்டம் உள்ளவருக்குத்தான் மின்சார வண்டி லாபம். இதில் தயக்கமே வேண்டாம்.

வீட்டு மீட்டரில் சார்ஜ் செய்பவர் ஒன்று கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் 100 யூனிட் கட்டணமில்லை. ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் கூடுதல் விகிதம் விழும். ஏற்கனவே 450 யூனிட் ஓடுகிற வீட்டில் இந்த 65 யூனிட் சேர்ந்தால் பில் எதிர்பாராமல் தாவும். அப்படிப்பட்டவருக்கு வாரத்தில் இரண்டு நாள் கடையில் சார்ஜ் போடுவது நல்லது.

மானியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2021 ஜூனில் மத்திய அரசு பேட்டரியின் ஒரு கிலோவாட்-ஹவருக்கு 15,000 ரூபாய் கொடுத்தது. 2023 ஜூனில் அது 10,000 ஆகி, 2024 ஏப்ரலில் 5,000 ஆகி, 2025 ஏப்ரலிலிருந்து 2,500 ஆயிற்று, அதுவும் வண்டிக்கு 5,000 ரூபாய்க்கு மேல் போகாது என்ற வரம்போடு. ஜி.எஸ்.டி.யிலும் இடைவெளி குறைந்துவிட்டது. மின்சார வண்டிக்கு 2019 ஆகஸ்டிலிருந்து 5 சதவீதம். சாதாரண பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 28 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22-லிருந்து 18 ஆகிவிட்டது. மாநில அரசின் சாலை வரி விலக்கும் குறிப்பிட்ட தேதி வரை என்றே அறிவிக்கப்பட்டு வந்திருக்கிறது. ஆகவே மூன்று வருஷத்துக்கு முன் மைத்துனர் வாங்கிய விலையை நினைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போகாதீர்கள். அன்றைய தேதியில் ஆன்-ரோடு விலை என்ன என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதை வைத்து மேலே சொன்ன கணக்கை நீங்களே போடுங்கள்.

ஏற்றமும் இறக்கமும்

லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம் என்று சொல்லி விற்கப்படும் சிறு வண்டிகள் இருக்கின்றன. மோட்டார் 250 வாட்டுக்கு மிகாமலும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மிகாமலும் இருந்தால் சட்டப்படி பதிவு தேவையில்லை. தர்மபுரி டவுனுக்குள் கடை விட்டுக் கடை போக அது போதும். மலைப்பாதைக்கு ஆகவே ஆகாது.

ஏன் என்றால், வண்டி 80 கிலோ, ஓட்டுபவர் 70 கிலோ, சரக்கு 50 கிலோ, மொத்தம் 200 கிலோ. இருபது அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில் இதை 250 வாட் மோட்டார் மணிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் இழுக்காது. கூட ஒருவர் வேகமாக நடந்தே வந்துவிடலாம். அதே ஏற்றத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போக ஏறக்குறைய 1,200 வாட் வேண்டும். ஆகவே நம் பாதைக்கு, தொடர்ந்து கொடுக்கக்கூடிய திறன் 2 அல்லது 3 கிலோவாட்டாவது உள்ள மோட்டார்தான் ஏற்றது. விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் சில நொடிகள் மட்டும் வரும் உச்சத் திறன். தொடர் திறன் எவ்வளவு, எத்தனை டிகிரி ஏற்றம் ஏறும் என்று இரண்டையும் கேளுங்கள்.

இந்தச் சுமையோடு ஒவ்வொரு நூறு மீட்டர் உயரம் ஏறுவதும் சமதரையில் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடிய செலவுக்குச் சமம். நம்மவர் காலையில் இறங்கி, மாலையில் ஏறுகிறார். அதாவது பேட்டரி குறைந்த நேரத்தில்தான் ஏற்றம் வருகிறது. கடையிலிருந்து கிளம்பும்போது சார்ஜ் பாதிக்குக் கீழே இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இறக்கத்தில் வேறொரு விஷயம் இருக்கிறது. மின்சார வண்டியில் ஆக்ஸிலேட்டரை விட்டால் மோட்டாரே டைனமோவாக மாறி, வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். ஆனால் பேட்டரி நூற்றுக்கு நூறு நிரம்பியிருந்தால் மின்சாரம் போக இடமில்லை, அந்தப் பிடிப்பும் இருக்காது. இரவு முழுக்கச் சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் நேரே கொண்டை ஊசி வளைவில் இறங்குபவருக்குப் பிரேக் மட்டுமே துணை. பென்னாகரத்துக்காரர் 80 அல்லது 90 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திவிடுவது பிரேக்குக்கும் நல்லது, பேட்டரி ஆயுளுக்கும் நல்லது. (பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு மலை இறங்கும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. அதை எந்த வண்டியிலும் செய்யக் கூடாது.)

பெட்டியில் அச்சிட்ட தூரம் சோதனைச் சாலைக் கணக்கு. அதில் முக்கால் பங்கைப் புது வண்டியின் நிஜ ஓட்டமாகக் கொள்ளலாம். நான்கு வருஷம் கழித்துப் பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு சோர்ந்திருக்கும் என்பதையும் சேர்த்தால், நூறு என்று போட்டிருப்பதை அறுபது என்று எடுத்துக்கொள்வதே உத்தமம். தர்மபுரிக்குக் கொள்முதலுக்குப் போய்வர ஒகேனக்கலிலிருந்து 90 கிலோமீட்டருக்கு மேல். 120 என்று அச்சிட்ட வண்டி வழியில் நின்றுவிடும். 150-க்கு மேல் போட்டிருந்தால்தான் மனம் பதறாமல் திரும்பலாம். கையோடு கொண்டுபோகும் சார்ஜர் உள்ள வண்டி என்றால், சரக்குக் கட்டும் இரண்டு மணி நேரத்தில் மொத்த வியாபாரியின் கடையில் ஒரு பிளக் கேட்டு வாங்கலாம். ஒன்றரை யூனிட்தான் ஓடும், நமக்கு நாற்பது கிலோமீட்டர் கூடும். வருஷக்கணக்கில் சரக்கு எடுக்கும் கடைக்காரரிடம் பதினைந்து ரூபாய் மின்சாரத்துக்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

மாலை மங்கிய பிறகு இந்தச் சாலையில் யானை நடமாட்டம் உண்டு. சத்தமில்லாத வண்டி வளைவில் திடீரென்று எதிரே போய் நிற்கும். வெளிச்சத்தோடு கிளம்பிவிடுவதே நல்லது.

சுமை

நம்மவர்களின் ஸ்கூட்டர் ஆள் மட்டும் போகிற வண்டி அல்ல. ஒகேனக்கலில் மீன் வாங்கிச் சமைக்கக் கொடுப்பவர்களுக்கு எண்ணெயும் மிளகாய்த் தூளும், மசாஜுக்கு நல்லெண்ணெயும் போய்ச் சேர வேண்டும். 15 கிலோ எண்ணெய் டின் காலடியில் நிற்க வேண்டும். இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் கிடக்க வேண்டும். ஆகவே பளபளப்பை விட்டுவிட்டுக் காலடித் தளத்தைப் பாருங்கள். தட்டையாக இருக்கிறதா, நடுவில் மேடு இருக்கிறதா? வீட்டிலிருந்து ஒரு காலி டின் கொண்டுபோய் ஷோரூமிலேயே வைத்துப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. 2024 ஏப்ரலில் வந்த ஏதர் ரிஸ்டா, அதே வருஷ டிசம்பரில் வந்த பஜாஜ் சேத்தக் 35 வரிசை ஆகியவற்றில் சீட்டுக்கு அடியில் 34, 35 லிட்டர் இடம் இருக்கிறது. சேத்தக்கின் உடல் இரும்புத் தகடு. சின்ன உரசல்களுக்குத் தாங்கும். சுமைக்கென்றே வந்தது கைனெடிக் இ-லூனா, 2024 பிப்ரவரியில் அறிமுகம். 150 கிலோ சுமக்கும் என்று சொல்லப்படுகிறது, உச்ச வேகம் 50 கிலோமீட்டர்தான். எக்ஸ்.எல். ஓட்டிப் பழகிய கைக்கு அது அந்நியமாக இராது.

சுமை என்றதும் நம்மில் பெரும்பாலோர் பார்க்காத ஒரு காகிதத்தைச் சொல்ல வேண்டும். அது இன்சூரன்ஸ் பாலிசி. சொந்த உபயோக இருசக்கர வாகனப் பாலிசியில், வாடகைக்கு விடுவதும், மாதிரிப் பொருளும் சொந்தச் சாமானும் தவிர்த்துச் சரக்கு ஏற்றிச் செல்வதும் பாதுகாப்பில் அடங்காது என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். மூட்டையோடு விபத்து நடந்தால் கம்பெனி அந்த வரியைக் காட்டக்கூடும். பெட்ரோல் வண்டிக்கும் இதே நிலைதான். பேட்டரி வாரண்டியிலும் ‘வணிக உபயோகம்’ என்ற சொல் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். வாங்குமுன் ஏஜெண்டிடம் கடையின் தேவையைச் சொல்லி, அதற்குரிய பாலிசியைக் கேட்டு எடுங்கள். பேட்டரி மட்டுமே வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாது என்பதால் இது சில்லறை விஷயமல்ல.

மளிகைக் கடைக்குள் சார்ஜ் வேண்டாம்

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த வருஷம் நாட்டில் பல இடங்களில் நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதியைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டங்களில் அமலுக்குக் கொண்டுவந்தது. அதன்பின் தயாரான வண்டி முன்னதைவிடப் பத்திரமானது. பழைய வண்டியை மலிவாகக் கொடுக்கிறார்கள் என்றால் தயாரிப்பு மாதத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

வண்டி எவ்வளவு நல்லதானாலும் மளிகைக் கடைக்குள் அதைச் சார்ஜ் போட்டுவிட்டு ஷட்டரை இறக்கிப் பூட்டிச் செல்லக் கூடாது. நம் கடையில் என்னென்ன இருக்கின்றன? சூடம், தீப்பெட்டிப் பண்டல், எண்ணெய் டின், சாக்கு, பிளாஸ்டிக் கவர். ஒரு பொறி போதும். வெளியே நிழலுள்ள இடத்தில், காற்றோட்டமாக, வண்டி வந்து நின்று அரைமணி நேரம் சூடு ஆறியபின் சார்ஜ் போட வேண்டும். எர்த் சரியாக உள்ள தனி 15 ஆம்பியர் பிளக்கை எலக்ட்ரீஷியன் மூலம் போட்டுக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜுக்கும் தராசுக்கும் இருக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இதையும் சொருகும் சிக்கனம் நமக்கு வேண்டாம். வேறு கம்பெனிச் சார்ஜர் மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

ஈய அமில பேட்டரி போட்ட வண்டி இன்னமும் சில இடங்களில் விற்கிறது. 2008-ஐ ஒட்டி வந்த மின்சார ஸ்கூட்டர்கள் பெயர் கெட்டதற்கு அந்தப் பேட்டரியே முக்கியக் காரணம். எடை அதிகம், ஆயுள் குறைவு. லித்தியம் பேட்டரியா என்று முதல் கேள்வியாகக் கேட்டுவிடுங்கள்.

சர்வீஸ்

பெட்ரோல் வண்டி நின்றால் பென்னாகரத்தில் எந்த மெக்கானிக்கும் பிரித்துப் பார்ப்பார். மின்சார வண்டியில் கோளாறு பெரும்பாலும் கண்ட்ரோலரிலோ சாஃப்ட்வேரிலோ இருக்கும். கம்பெனி ஆள் லேப்டாப்போடு வந்தால்தான் உண்டு. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலா நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஓராண்டில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு வந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புகார்களே காரணம். அவற்றில் பெரும்பாலானவற்றைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதில் சொல்லியது. எந்தக் கம்பெனி என்பதை விட, எவ்வளவு தூரத்தில் சர்வீஸ் என்பதுதான் நமக்கு முக்கியம். வண்டி நின்றுபோனால் மலையடிவாரத்திலிருந்து யார் ஏற்றிச் செல்வார்கள், அந்தக் கூலி யாருடையது, கண்ட்ரோலர் மாற்ற எத்தனை நாள்? விற்பனையாளரிடம் கேட்பதோடு நிற்காமல், அந்த சர்வீஸ் சென்டர் வாசலில் ஒரு மணி நேரம் நின்று, வண்டி விட்டவர்களிடம் விசாரியுங்கள். சரக்கு நல்லதா என்று தெரிந்துகொள்ள அதை வாங்கிப் போனவரைத்தானே கேட்போம்?

சாவி இல்லாமல் திரையைத் தொட்டு ஓட்டும் வண்டிகளும் வந்துவிட்டன. கடைப் பையன், வீட்டில் பெரியவர் என்று மூன்று பேர் எடுக்கிற வண்டிக்குச் சாவிதான் சௌகரியம்.

தவணையும் ஆறும்

36 மாதத் தவணை போடும்போது கல்லா நிரம்பும் மாதத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 2018, 2024 போன்ற வெள்ள ஆண்டுகளில் ஆற்றில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை விதிக்கப்பட்டு, வாரக்கணக்கில் பயணிகள் வரத்து இல்லாமல் கடைத்தெரு வெறிச்சோடியது. தவணைத் தேதி அதற்காகக் காத்திருக்காது. பாதி விலையையாவது கையிலிருந்து போட்டு, மீதிக்குத் தவணை வைத்தால், மாதா மாதம் மிச்சமாகும் பெட்ரோல் பணமே அதில் ஒரு பங்கைக் கட்டும்.

ஆடிப்பெருக்கு வியாபாரத்துக்கு வண்டி கையில் இருக்க வேண்டுமென்று நினைப்பவர், ஆனி மாதத் தொடக்கத்திலேயே பார்த்துவிட வேண்டும். பதிவு, பச்சை நம்பர் பிளேட், இன்சூரன்ஸ் எல்லாம் முடிய நாளாகும். அதற்குமுன் டெஸ்ட் டிரைவ் கேளுங்கள். ஷோரூம் முன்னால் சமதரையில் ஒரு வட்டம் அடிப்பது போதாது. சீட்டின் பின்னால் ஒருவரை உட்கார வைத்து, காலடியில் ஒரு சிப்பம் வைத்து, ஏற்றமுள்ள சாலையில் நடுவழியில் நிறுத்தி மறுபடி கிளப்பிப் பாருங்கள். அப்படி ஓட்டிப் பார்க்கச் சம்மதிக்கும் விற்பனையாளரிடமே அட்வான்ஸ் கொடுங்கள்.